தாசில்தாரின் துப்பாக்கி

போன தை மாதம் அப்பா போன் செய்தார். "தாத்தாவோட துப்பாக்கி ஸ்டேஷன்லயே கெடக்குதுடா. உன் பேருக்கு லைசென்ஸ் கேக்கறியா, இல்ல ஒப்படைச்சிடலாமா?"

தேன்கனிக்கோட்டைப் பக்கம் ராகியும் கொள்ளும் போட்டுக்கொண்டிருந்த தாத்தா, பயிர்ப் பாதுகாப்பு லைசென்ஸில் வாங்கிய ஒற்றைக்குழல் அது. தேர்தல் வந்தால் வீட்டை விட்டு முதலில் கிளம்புவது அதுதான். ஸ்டேஷனில் கொடுத்து, ரசீது வாங்கி, எல்லாம் முடிந்த பிறகு போய் எடுத்துவர வேண்டும். தாத்தா போய்ச் சேர்ந்த பிறகு அதை எடுத்துவர யாரும் போகவில்லை. நான் பெங்களூரில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பவன். எனக்கு எதற்குத் துப்பாக்கி? ஆனால் "வேண்டாம்" என்று உடனே சொல்லவும் வாய் வரவில்லை. அதோடு ஒட்டிக்கொண்டு வந்த கதைகள் என்னுடையவை. துப்பாக்கியை ஒப்படைத்தால் கதைகளையும் ஒப்படைத்த மாதிரி ஆகிவிடுமோ என்று ஒரு பயம்.

"யோசிச்சு சொல்றேன்பா" என்று வைத்துவிட்டேன். அந்த யோசனையில்தான் ஜிம் கார்பெட்டை மறுபடி எடுத்தேன். 1944-இல் வந்த புத்தகம். தமிழில் தி.ஜ.ர. மொழிபெயர்ப்பில் 'குமாயுன் புலிகள்' என்று பல தலைமுறை வாசகர்களுக்குத் தெரியும். பள்ளிக்கூட வயதில் சாகசக் கதையாகப் படித்தது. இந்த முறை புலியை விட்டுவிட்டு, துப்பாக்கிகளை மட்டும் பின்தொடர்ந்து படித்தேன். வேறொரு புத்தகம் கிடைத்தது.

முதலில் எல்லாருக்கும் தெரிந்த துப்பாக்கி. 1907-இல் சம்பாவத் ஆட்கொல்லியைக் கொன்றதற்காக ஐக்கிய மாகாணத்தின் லெப்டினன்ட் கவர்னர் ஜான் ஹூவெட் கார்பெட்டுக்குப் பரிசளித்த .275 ரிக்பி ரைஃபிள். அதன் கட்டையில் பதித்த வெள்ளித் தகட்டில் அந்த விவரம் இருக்கிறது. கார்பெட்டுக்குக் கல்யாணம் ஆகவில்லை, வாரிசு இல்லை. 1947-இல் அக்கா மேகியோடு கென்யாவுக்குப் போய், 1955-இல் அங்கேயே இறந்தார். ரைஃபிள் அவருடைய பதிப்பாளர்களான ஆக்ஸ்ஃபோர்டு யுனிவர்சிட்டி பிரஸ் கைக்குப் போனது. 2015-இல் அதைச் செய்த ரிக்பி கம்பெனியே திரும்ப வாங்கிக்கொண்டது. அடுத்த வருடம் இந்தியாவுக்குக் கொண்டுவந்து, கார்பெட் நடந்த இடங்களுக்கெல்லாம் எடுத்துப் போனார்கள். ஏறக்குறைய ஒரு உற்சவமூர்த்தியின் புறப்பாடு.

இதில் ஒரு சின்னச் சிக்கல். அந்த ரைஃபிள் சம்பாவத் புலியைச் சுடவில்லை. சுட்டு முடித்த பிறகு கிடைத்த பரிசு அது. சம்பாவத்தில் கார்பெட் கையில் இருந்தது வேறொரு ரைஃபிள், கூடவே மூன்றே மூன்று தோட்டா. இரண்டு போதும், மூன்றாவது ஆபத்துக்கு என்று கணக்குப் போட்டிருந்தார். மூன்றும் தீர்ந்துவிட்டன. அடிபட்ட புலி இன்னும் நின்றுகொண்டிருக்கிறது. கார்பெட் ஓடிப்போய் தாசில்தார் கையிலிருந்த துப்பாக்கியைப் பிடுங்கிக்கொண்டு திரும்ப வருகிறார். கிட்டே வந்த பிறகுதான் அந்தத் துப்பாக்கியின் லட்சணம் கண்ணில் படுகிறது: குழலுக்கும் பின்பகுதிக்கும் நடுவே நன்றாகத் தெரிகிற இடைவெளி. சுட்டால் புலி சாகுமோ சுட்டவர் சாவாரோ என்கிற நிலை. இருபதடி தூரத்தில், திறந்திருந்த வாயைக் குறிபார்த்துச் சுடுகிறார். குண்டு வாயில் படவில்லை, முன்னங்காலில் பட்டது. பிறகு அதை நகத்தாலேயே நோண்டி எடுத்துவிட முடிந்ததாம், அவ்வளவு ஆழம்தான். புலி ஏற்கெனவே பட்ட காயங்களால்தான் விழுந்தது.

தன் வாழ்க்கையின் முதல் ஆட்கொல்லி வேட்டையை ஒருவர் இப்படி எழுதுகிறார் என்பதுதான் கார்பெட்டின் பெருமை என்று நினைக்கிறேன். கடைசிக் குண்டு குறி தப்பியதை மறைக்க அவருக்கு எல்லா வசதியும் இருந்தது. வாய்க்குள் பட்டது என்று எழுதியிருந்தால் யார் போய்ச் சரிபார்க்கப் போகிறார்கள்? வெள்ளித் தகட்டில் 'கொன்றார்' என்ற ஒரு வினைச்சொல் போதும். அந்த வினைச்சொல்லுக்குள் இருந்த பதற்றம், தப்புக்கணக்கு, இரவல் வாங்கிய ஓட்டைத் துப்பாக்கி எல்லாம் அத்தியாயத்தில்தான் இருக்கின்றன.

அத்தியாயத்தின் முடிவில் ஹூவெட் மறுபடி வருகிறார். நைனிடால் தர்பாரில் தாசில்தாருக்கு ஒரு துப்பாக்கி, தேடுதலின்போது கார்பெட்டோடு வந்த ஊர்க்காரருக்கு ஒரு வேட்டைக் கத்தி. இரண்டிலும் எழுத்துப் பொறித்துக் கொடுத்தார்கள். அவை அந்தந்தக் குடும்பங்களில் வழிவழியாகக் கைமாறும் என்கிறார் கார்பெட். தனக்குக் கிடைத்த ரிக்பியை அங்கே அவர் சொல்வதே இல்லை! இன்று உலகம் சுற்றும் துப்பாக்கி அத்தியாயத்தில் இல்லை. குடும்பச் சொத்தாகும் என்று அவர் எழுதி வைத்தது வேறு ஒருவருடைய துப்பாக்கியை. பரம்பரைச் சொத்து என்று எதைச் சொல்கிறோம் என்பதில் எழுதியவருக்கும் சேகரிப்பவர்களுக்கும் இங்கேயே வழி பிரிந்துவிடுகிறது.

இன்னும் பின்னால் போனால் வேறு துப்பாக்கிகள் வருகின்றன. காட்டைக் கலைத்துப் புலியை விரட்ட ஊர்க்காரர்கள் 298 பேர் சேர்ந்தார்கள். லைசென்ஸ் இல்லாத துப்பாக்கி வைத்திருந்தாலும் கண்டுகொள்ள மாட்டேன், மருந்தும் நானே தருகிறேன் என்று தாசில்தார் வாக்குக் கொடுத்திருந்தார். அன்று வெளியே வந்த ஆயுதங்களை வைத்து ஒரு மியூசியமே நடத்தலாம் என்று கார்பெட் கிண்டலடிக்கிறார். எனக்கு அந்த இடத்தில் சிரிப்பு வரவில்லை. கூரை இடுக்கிலும் வைக்கோலுக்குள்ளும் அப்பனிடமிருந்து மகனுக்கு வந்த துப்பாக்கிகள் அவை. ஒரே ஒரு பகல் சட்டத்தின் கண்முன் வெளியே வந்துவிட்டு மறுபடி இருட்டுக்குள் போயின. அவற்றுக்கு வெள்ளித் தகடு கிடையாது.

கடைசியாக ஒரு துப்பாக்கி. கதையிலேயே முக்கியமானது, ஆனால் யாரும் பார்க்காதது. புலி விழுந்த பிறகு கார்பெட் அதன் வாயைப் பார்க்கிறார். வலது பக்கக் கோரைப்பற்கள் இரண்டும் உடைந்திருக்கின்றன. மேல்பல் பாதி, கீழ்ப்பல் எலும்புவரை. எப்போதோ பட்ட துப்பாக்கிக் காயம். அதனால்தான் வழக்கமான இரையைக் கொல்ல முடியாமல் மனிதர்கள் பக்கம் திரும்பியது என்கிறார். நேபாளத்தில் 200 பேர், குமாயுனுக்கு வந்த பிறகு மிச்சம், மொத்தம் 436 உயிர்கள். அத்தனைக்கும் தொடக்கத்தில் குறி தப்பிய ஒரு குண்டு.

சுட்டது யார்? கூரை இடுக்குத் துப்பாக்கியா, துரைமாரின் நல்ல ரைஃபிளா? கார்பெட் சில வரிகளில் காரணத்தைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார். அவர்மேல் எனக்கு இருக்கும் குறை இதுதான். தன் குண்டு தப்பியதை நகக்கணக்கில் எழுதியவர், முன்னால் தப்பிய இன்னொரு குண்டைப் பற்றி ஒரு பத்திகூட நிற்கவில்லை. அதைச் சுட்டவரும் எங்கோ ஒரு திண்ணையில் உட்கார்ந்து வேட்டைக்கதை சொல்லியிருப்பார். அதில் இந்தப் புலி வந்திருக்காது. வந்திருந்தாலும் 'ஓடிப்போச்சு' என்ற ஒரு சொல்லோடு முடிந்திருக்கும்.

சேகரிப்பு என்பது பட்ட குண்டுகளின் கணக்கு. கொம்பு, தோல், தகடு, கதை எல்லாமே பட்டதிலிருந்து வருகிறவை. பிசகிப் போனதற்குச் சாட்சி காட்டில் இருக்கிறது, சில சமயம் ஒரு மிருகத்தின் வாய்க்குள்.

கார்பெட்டைக் காலனிய வேட்டைக்காரர் என்று ஒரே வரியில் தள்ளிவிட என்னால் முடியாததற்கும் இதே அத்தியாயத்தில் காரணம் இருக்கிறது. கூடப்பிறந்தவளைப் புலி தூக்கிப் போனபோது பின்னாலேயே ஓடிய ஒரு பெண் வருகிறாள். அன்றிலிருந்து அவளுக்குப் பேச்சு வரவில்லை. புலியைக் கொன்ற பிறகு கார்பெட் அந்த ஊர் வழியாகவே வந்து தோலை அவள் முன் விரிக்கிறார். அவளுக்குப் பேச்சு திரும்புகிறது. தெருவில் ஓடி ஊரையே கூப்பிடுகிறாள். வேட்டையின் நினைவுப்பொருள் ஒன்று, சேர வேண்டிய ஆளிடம் போய்ச் சேர்ந்த தருணம் அது. கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தால் அது வெறும் தோல். பொருள் யாரிடம் இருக்கிறது என்பதைவிட, யார் முன்னால் அதை விரிக்கிறோம் என்பதுதான் முக்கியம் போல.

பொங்கலுக்கு ஊருக்குப் போகாததால், மாசியில் போனேன். தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் பழைய லைசென்ஸ் புத்தகம் இருந்தது. தோட்டா வாங்கும்போதெல்லாம் கடைக்காரர் தேதியும் எண்ணிக்கையும் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். தொழில் புத்தி. உட்கார்ந்து கூட்டினேன். 140 தோட்டா. தாத்தா சொன்ன கதைகளை விரல் விட்டு எண்ணினேன். பன்றியைச் சுட்டது, பன்றி என்று நினைத்து எதையோ சுட்டது, எல்லாம் சேர்த்துப் பதினொன்று. அதில் வெறும் வானத்தைப் பார்த்துச் சுட்டு யானையை விரட்டியதும் சேர்த்தி.

"மிச்சமெல்லாம் என்னப்பா ஆச்சு?"

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. "பாதி வெறும் சத்தத்துக்குத்தான்டா. பட்டாசு மாதிரி." அப்புறம், "அடிபட்டுப் போனதும் இருக்கும். இருட்டுல யாரு கணக்கு வச்சா?" என்றார்.

என்னிடம் அந்த 140-க்கும் பதினொன்றுக்கும் நடுவில் கதை எதுவும் இல்லை. தாத்தாவை நல்லவர் கெட்டவர் என்று சொல்வதற்கு அந்த இடைவெளி போதாது. அவர் கொல்லையை மேய வந்ததை விரட்டினார், அவ்வளவுதான். ஆனால் இனி அந்தப் பதினொரு கதைகளை யாரிடம் சொன்னாலும், அந்த எண்ணிக்கையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. கார்பெட் தாசில்தாரின் துப்பாக்கியை மறைக்காமல் எழுதியதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது அதுதான்.

துப்பாக்கியை ஒப்படைக்கச் சொல்லிவிட்டேன். அப்பா மறுவாரமே எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். லைசென்ஸ் புத்தகத்தையும் கேட்டார்கள். கொடுப்பதற்கு முன்னால் எல்லாப் பக்கத்தையும் போனில் படம் எடுத்து அனுப்பியிருந்தார். ஒரு படத்தின் ஓரத்தில் அவர் கட்டைவிரலும் விழுந்திருக்கிறது. வெட்டி எடுக்காமல் அப்படியே வைத்திருக்கிறேன்.