பலகையை யார் தூக்குவது? சப் வாங்கச் சொல்லும் கையேடுகள் பற்றி

நின்றபடியே துடுப்புப் போட்டுப் போகும் பலகைக்கு ‘சப்’ என்று பெயர். 2000-களின் தொடக்கத்தில் ஹவாயில் லேர்ட் ஹாமில்டன் போன்ற அலைச்சறுக்கு வீரர்கள் பிரபலமாக்கிய விளையாட்டு, இப்போது நம்ம கோவளம் வரை வந்துவிட்டது. புதிதாக வாங்குகிறவர்களுக்கென்று இணையத்தில் இருக்கும் கையேடுகளைக் கொஞ்ச நாளாகச் சேர்த்து வைத்துப் படிக்கிறேன். தகவல்கள் பெரும்பாலும் சரிதான். என் குறை வேறு. எல்லாக் கையேடுகளும் பலகை தண்ணீரில் கிடக்கும் இடத்திலிருந்து தொடங்குகின்றன. வாங்கியவருக்கோ அது வீட்டு மாடிப்படியில் தொடங்குகிறது.

பத்தரை அடி நீளம், 32 அங்குல அகலம், 6 அங்குலத் தடிமன். புதியவருக்கு எல்லோரும் சொல்லும் அளவு இதுதான். அதில் எனக்குச் சண்டை இல்லை. அகலம் கூடினால் ஆட்டம் குறையும். ஆனால் ‘150 கிலோ தாங்கும்’ என்பதை அப்படியே எடுத்துப் போடுகிறார்களே, அது மிதக்குமா என்பதற்குத்தான் பதில். அந்த எடையோடு அதன்மேல் நிற்க முடியுமா என்பது வேறு கேள்வி.

அடுத்தது எடை. காற்றடைக்கும் பலகை 9, 10 கிலோ என்று எழுதுவார்கள். துடுப்பு, பம்ப், துடுப்புவால், பை எல்லாம் சேர்ந்தால் 13, 15 கிலோவைத் தொடும். உள்நாட்டு விமானத்தில் சாதாரண டிக்கெட்டுக்கு அனுமதிக்கும் 15 கிலோ அதிலேயே தீர்ந்துவிடும். பேருந்தில் ஏறுகிறவருக்கும் பை எடைதான் கணக்கு.

கெட்டிப் பலகை வேகமாக ஓடும், உண்மை. ஆனால் அதற்குக் கார் கூரையில் குறுக்குச் சட்டம் வேண்டும். பலகையைக் கவிழ்த்து, துடுப்புவால் முன்பக்கம் மேல்நோக்கி இருக்க வைத்து, கொக்கிப் பட்டையால் கட்ட வேண்டும். லாரிக்காரர்கள் முறுக்கி இறுக்கும் ராட்செட் பட்டை ஆகாது. அளவுக்கு மீறி இறுக்கினால் பலகை நசுங்கும். பட்டையை ஒரு முறுக்கு விட்டுக் கட்டினால் காற்றில் ‘ம்ம்ம்’ என்று இரையாது. வாங்குவதற்கு முன்பே தெரிந்திருக்க வேண்டிய இதெல்லாம் கையேட்டின் கடைசிப் பத்தியில் போய் ஒளிந்துகொள்கிறது.

காற்றடைக்கும் பலகைக்கு இன்னொரு சங்கதி உண்டு. பெரும்பாலானவற்றுக்கு 12 முதல் 15 பிஎஸ்ஐ அழுத்தம் தேவை. கைப்பம்பின் முள் ஆரம்பத்தில் அசையவே அசையாது. கடைசிப் பகுதியில்தான் கை வலிக்கும். களைத்துப்போய் 8-லேயே நிறுத்திவிடுவார்கள். பலகை நடுவில் வளையும், நிற்பவர் விழுவார், ‘நமக்கு இது வராது’ என்று முடிவுகட்டுவார். குற்றம் காலில் இல்லை, காற்றில். காரில் செருகும் 12 வோல்ட் பம்ப் ஒன்றுக்கு, விலை கூடிய துடுப்பை விட முன்னுரிமை தரலாம். காற்றடைத்த பலகையை வெயிலில் போட்டுவிட்டுப் போகக் கூடாது என்பதையும் நம்ம ஊருக்கு அழுத்திச் சொல்லவேண்டும். சூட்டில் உள்ளழுத்தம் ஏறும்.

இதையெல்லாம் விட எனக்குக் கோபம் வருவது கயிறு விஷயத்தில். ‘கணுக்காலில் கட்டும் கயிறு சேர்த்தே வருகிறது’ என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். கடலிலும் ஏரியிலும் அது சரி. ஓடும் ஆற்றில் கயிறு கிளையிலோ கல்லிலோ சிக்கினால், நீரோட்டத்தை எதிர்த்துக் குனிந்து காலை அவிழ்க்க முடியாது. அங்கே இழுத்தவுடன் கழலும் இடுப்புப் பட்டைதான் வேண்டும். 2021 அக்டோபரில் வேல்ஸின் ஹேவர்ஃபோர்ட்வெஸ்ட் நகரில், ஆற்றுத் தடுப்பணையில் சிக்கி சப் குழுவினர் நான்கு பேர் இறந்தார்கள். எந்தத் தண்ணீர் என்று கேட்காமல் சாமான் சொல்லக் கூடாது.

ஆகவே என் வரிசை இது: முதலில் எந்தத் தண்ணீர், அடுத்து வீட்டிலிருந்து அங்கே எப்படிப் போவது, யார் தூக்குவது, பிறகு உயிர்காப்பு உடையும் பொருத்தமான கயிறும், கடைசியில்தான் பலகை. முட்டுக்காட்டுக் காயலுக்குப் பைக்கில் போகிறவருக்கும், காரில் போகிறவருக்கும் ஒரே பலகையைச் சொல்லும் கையேடு இருவரில் ஒருவரையாவது பார்க்காமலே எழுதப்பட்டது.