கண்டி ஒப்பந்தத்தின் கடைசி வரி

1815 மார்ச் 2ஆம் திகதிக் கண்டி ஒப்பந்தத்தை, வென்ற ஆங்கிலேயர் தோற்ற கண்டியரின் சட்டத்தை மதித்ததற்குச் சான்றாகக் காட்டும் வழக்கம் இன்னும் ஓயவில்லை. முற்றிலும் பொய்யென்று சொல்லமுடியாது. ஆறாம் பிரிவு சித்திரவதையை ஒழித்தது. எட்டாம் பிரிவு, கண்டியரின் வழக்குகள் பழைய முறைப்படி பழைய அதிகாரிகளாலேயே தீர்க்கப்படும் என்றது. கண்டியின் கடைசி அரசன் ஶ்ரீ விக்கிரமராஜசிங்கனின் ஆட்சி முடிந்ததற்காகக் கண்ணீர் விடவும் வேண்டியதில்லை.

ஆனால் எட்டாம் பிரிவைக் கடைசி வரிவரை வாசிக்கவேண்டும். எல்லா வழக்கிலும், பொதுவாகவோ தனித்தனியாகவோ, தேவைப்படும்போது குறைகளைக் களைந்து சீர்திருத்தும் உரிமை அரசாங்கத்துக்கு இயல்பாகவே உண்டு என்று அங்கே ஒரு விலக்கு இருக்கிறது. தேவையை யார் தீர்மானிப்பது? அரசாங்கமேதான். முன்பகுதியில் கொடுத்ததெல்லாம் இந்த ஒரு வரியில் திரும்பப் பெறத்தக்கதாகிவிடுகிறது. மூன்றாம் பிரிவோ, அரசனின் ஆண் உறவினரும் வெளியேற்றப்பட்ட, 'மலபார்' என்று அழைக்கப்பட்ட தென்னிந்திய வம்சாவளி ஆண்களும் அனுமதியின்றி உள்ளே வந்தால் இராணுவச் சட்டப்படி தண்டனை என்கிறது. எந்தக் கண்டி வழக்காற்றின்படி நடந்த விசாரணை இது?

கேம்ப்பெல் எதிர் ஹால் வழக்கில் 1774இல் மான்ஸ்பீல்ட் பிரபு, சரணடைவு நிபந்தனைகள் மீறத்தகாதவை என்று தீர்ப்பளித்தாரே, ஆங்கிலச் சட்டம் அரசாங்கத்தின் கையைக் கட்டியிருந்ததே என்பார்கள். கட்டு நான்கு ஆண்டுகூடத் தாங்கவில்லை. 1818 நவம்பர் 21ஆம் திகதிப் பிரகடனம் பிரதானிகளின் நீதியதிகாரத்தின் பெரும்பகுதியைப் பறித்து, ஆணையாளர் சபையிடமும் ஆங்கில முகவர்களிடமும் கொடுத்தது. ஆங்கிலேயருக்கு எதிராக எழுந்த ஊவாக் கிளர்ச்சிக்காரர்களே ஒப்பந்தத்தை முறித்தார்கள் என்பது அடுத்த சமாதானம். அப்படியானால் ஆங்கிலேயர் பக்கமே நின்ற கண்டிப் பிரதானி மொல்லிகொட எதை முறித்தார்? அவருக்குத் தனிச் சலுகைகள் கிடைத்தன. ஒப்பந்தம் தந்த நீதிமுறை அவருக்கும் சேர்த்தே போனது. இருதரப்பும் ஒப்பமிட்டதை ஒருதரப்பு அறிவித்து மாற்றமுடியுமென்றால், அது தொடக்கத்திலிருந்தே ஒப்பந்தமல்ல, ஆளுநர் பிரவுன்ரிக் அளித்த தற்காலிக அனுமதி.

கண்டித் திருமணச் சட்டமும் வாரிசுச் சட்டமும் இன்றும் வாழ்கின்றனவே என்பவர்கள், 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தையும் சேர்த்துப் பார்க்கட்டும். அரசர் வழங்கிய சன்னஸ் பட்டயமோ வரி கட்டிய சான்றோ காட்டாவிட்டால் கண்டி மாகாணங்களின் சேனை நிலம் முடிக்குரியதாகிவிடும் என்றது அது. தலைமுறைகளாக வாய்வழக்கில் நின்ற பாத்தியதைக்கு எழுத்துச் சான்று கேட்டார்கள், கோப்பித் தோட்டங்களுக்குக் காடு வேண்டியிருந்த காலத்தில். மணமக்களின் வழக்கைக் கண்டி முறைப்படி தீர்ப்பதால் எந்தத் தோட்டக்காரருக்கும் ஓர் ஏக்கர் குறையவில்லை.