மேடையறையில் பாராட்டு, கேன்டீனில் தீர்ப்பு

சினிமாப் பாடகர் ஒருவரை நேரில் பார்க்க வேண்டுமானால் மேலாளர், காவலாளி, தடுப்புக் கம்பி எல்லாவற்றையும் தாண்டியாக வேண்டும். சென்னையின் மார்கழிக் கச்சேரியில் அந்தத் தொல்லை கிடையாது. மங்களம் பாடி முடித்த சில நிமிடங்களில், எந்த ரசிகரும் பக்கவாட்டுப் படியேறிப் போய் வித்வானுக்கு எதிரில் நிற்கலாம். கும்பிடலாம், படம் எடுத்துக்கொள்ளலாம், "இன்னிக்குத் தோடி பிரமாதம் சார்" என்று சொல்லிவிட்டு வரலாம். உலகத்தில் வேறெங்கே இப்படி உண்டு என்று சபாக்காரர்கள் பெருமைப்படுவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்தப் படியேறிப் போகிறவர்களில் எத்தனை பேர் அன்றைய கச்சேரியில் சரியாக அமையாத ஒன்றைப் பற்றிப் பாடியவரிடமே கேட்டிருப்பார்கள்? அநேகமாக யாரும் இல்லை. கேட்பவரின் காதைக் கூர்தீட்டிய இந்த நெருக்கமே அவருடைய வாயைக் கட்டிப்போட்டும் வைத்திருக்கிறது. இரண்டும் ஒரே காரணத்தால் நடப்பதுதான் சிக்கல்.

காதைக் கூர்தீட்டியது பொய்யில்லை. கல்பனாஸ்வரத்தின் கடைசியில் பாடகர் ஒரு கோர்வையை எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மிச்ர சாபு தாளம். மூன்று முறை சுற்றி வந்து எடுப்பில் விழ வேண்டிய கணக்கு. முன்வரிசையில் பத்துப் பதினைந்து கைகள் தொடையில் தட்டிக்கொண்டிருக்கின்றன. முதல் சுற்று முடிவதற்குள்ளேயே அது எங்கே வந்து சேரும் என்று அந்தக் கைகளுக்குத் தெரிந்துவிடும். கச்சிதமாக விழுந்தால் வரிசை முழுக்க ஒரே சமயத்தில் தலைகள் ஆடும், "பலே" என்று ஒரு குரல் எழும். அரை அட்சரம் தள்ளி விழுந்தால் சத்தமே இருக்காது. பக்கத்து நாற்காலிக்காரரைப் பார்த்து ஒரு புருவம் மட்டும் உயரும். மேடையிலிருப்பவரின் கண்ணுக்கு அந்தப் புருவம் தப்புவதில்லை. எண்ணிப் பார்க்கிறவர்கள் எதிரில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்ற நினைப்புத்தான் பல வித்வான்களைச் சாதகத்துக்கு உட்கார வைக்கிறது. கலைஞனைச் சோம்பேறியாக விடாத சபை என்று இதைச் சொன்னால் மிகையாகாது. (சத்தமாகத் தப்புத் தாளம் போட்டுப் பாடகரையே தடுமாற வைக்கும் முன்வரிசைக்காரர்களும் உண்டு. அவர்களைச் சகித்துக்கொள்ளத்தான் வேண்டும்.)

அதே முன்வரிசை எழுத்தில் ஒன்று அனுப்பும்போது என்ன அனுப்புகிறது என்று பாருங்கள். அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் வகுத்துக் கொடுத்த கச்சேரிப் பத்ததியில், தனி ஆவர்த்தனம் முடிந்த பிறகு துக்கடாக்களுக்கு இடம் உண்டு. அந்த நேரம் நெருங்கும்போது ஒரு துண்டுச் சீட்டு கிளம்பும். டிக்கெட்டின் பின்புறத்திலோ பழைய கவரின் ஓரத்திலோ பென்சிலால் கிறுக்கியது. அது தொண்டர் கைக்குப் போய், அங்கிருந்து தம்புரா போடும் சிஷ்யை கைக்குப் போய், அவள் குனிந்து பாடகரின் முழங்காலருகே வைப்பாள். அவர் ஒரு பார்வை பார்த்துவிட்டு சுருதிப் பெட்டிக்கு அடியில் செருகிக்கொள்வார். இரண்டு மணி நேரம் ஒருவர் உயிரைக் கொடுத்துப் பாடியதற்கு ரசிகரிடமிருந்து வரும் ஒரே எழுத்து மூலமான செய்தி "இந்தப் பாட்டைப் பாடுங்கள்" என்ற உத்தரவுதான். அதுவும் ஏற்கெனவே நூறு முறை கேட்ட பாட்டு. சீட்டு நேயத்தின் அடையாளம் என்பார்கள். இருக்கலாம், ஆனால் புதிதாக ஒரு பாட்டைப் பாடம் செய்துகொண்டு வந்தவருக்கு அதைப் பாடாமலே எழுந்து போக வேண்டிய நிலையையும் இந்த நேயமே உண்டாக்குகிறது.

மேடையறையில் ஏன் பாராட்டு மட்டுமே கேட்கிறது? மரியாதைதான் காரணம் என்பது பாதிப் பதில். எஞ்சிய பாதி, அங்கே நிற்கிறவர் யார் என்பதில் இருக்கிறது. அவர் வெறும் ரசிகர் அல்ல. அவருடைய மகள் இந்த வித்வானிடம்தான் வெள்ளிக்கிழமை தோறும் பாட்டுக் கற்கிறாள். அவருடைய தம்பி ஏதோ ஒரு சபாவில் செயற்குழு உறுப்பினர். அவருடைய சம்பந்தி வீட்டில்தான் அமெரிக்கச் சுற்றுப்பயணத்தின்போது வித்வான் மூன்று நாள் தங்கினார். 1978இல் தொடங்கிய கிளீவ்லாந்து தியாகராஜ ஆராதனையைப் போன்ற விழாக்களின் வழியாக அயல்நாட்டிலும் வேரூன்றிய இந்த உலகத்தில், கேட்பவர், அழைப்பவர், சோறு போடுபவர், பிள்ளையைச் சேர்க்க வருபவர் எல்லாரும் அநேகமாக ஒரே ஆட்கள். இப்படிப் பின்னிக் கிடக்கும் உறவில் "உங்கள் நிரவல் இன்று ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டிருந்தது" என்று யார் சொல்வார்கள்? வித்வானும் அதே வலையில்தான் இருக்கிறார். அடுத்த வருஷம் மாலைக் கச்சேரி கிடைக்குமா, மறுபடி மதியத்துக்கே தள்ளிவிடுவார்களா என்பதை முடிவு செய்கிறவர்கள் கைகுலுக்க வரும் கூட்டத்தில் இருக்கிறார்கள். அவரும் சிரித்துக்கொண்டு தலையாட்டுவதைத் தவிர வேறென்ன செய்வார்?

சொல்லாமல் விட்டது எங்கேயும் போய்விடுவதில்லை, கேன்டீனுக்குப் போகிறது. அடையும் காபியும் வருவதற்குள் அங்கே தீர்ப்பு எழுதியாகிவிடும். ஒரே மாதத்தில் எட்டு சபாக்களில் பாடி டிசம்பர் கடைசியில் தொண்டை கட்டிப்போன பாடகரைப் பற்றி அந்த மேஜைகளில் நடக்கும் பேச்சு கறாரானது, பெரும்பாலும் சரியானதும்கூட. மேல் ஸ்தாயியில் சுருதி இறங்கியதைச் சொல்வார்கள், காம்போதியும் ஹரிகாம்போதியும் ஒன்றுக்கொன்று கலந்த இடத்தைச் சொல்வார்கள். மறுநாள் பத்திரிகை விமர்சனத்தில் இதெல்லாம் "சாரீரம் சற்றே ஒத்துழைக்கவில்லை" என்று சுருங்கி, மீதி இடத்தைப் பாடிய பாட்டுகளின் பட்டியல் நிரப்பிவிடும். இந்த இசையைப் பற்றிய மிக நுட்பமான விமர்சனம் தினமும் வாய்மொழியாகப் பிறந்து, எச்சில் இலையோடு போய்ச் சேர்கிறது. யாருக்குப் பயன்பட வேண்டுமோ அவருடைய காதை அது எட்டுவதே இல்லை. எட்டினாலும் நாலு பேர் வாய் மாறி, கண்ணும் காதும் முளைத்து, வம்பாக எட்டும்.

வாய் திறந்து பேசியவர்கள் எங்கிருந்து பேசினார்கள் என்று பார்த்தால் விஷயம் இன்னும் விளங்கும். கல்கி 'கர்நாடகம்' என்ற புனைபெயரில் ஆனந்த விகடனில் சங்கீத விமர்சனம் எழுதினார். பெரிய வித்வான்களையும் நையாண்டி செய்யும் துணிச்சல் அவருக்கு இருந்தது. அவருக்கு வாசகர் பலம் இருந்தது, சபாக்காரர்களின் தயவு வேண்டியிருக்கவில்லை. 1940களில் தமிழிசைக் கிளர்ச்சி கிளம்பியபோது, மியூசிக் அகாடமியின் நிலைப்பாட்டை எதிர்த்து அவரால் எழுத முடிந்ததும் அதனால்தான். பிறகு வந்த சுப்புடு டில்லிவாசி, மத்திய அரசு ஊழியர். சீசனுக்குச் சென்னை வருவார், எழுதுவார், போய்விடுவார். மயிலாப்பூரில் யாருக்கும் அவர் கடன்பட்டிருக்கவில்லை. இருவரின் பேனாவுக்கும் கூர் கொடுத்தது அந்தத் தூரம்தான். ஆனால் சுப்புடுவின் எழுத்தில் இதன் கெடுதலும் தெரிந்தது. வாசகர்கள் அவரைப் படித்தது அன்றைய பைரவி எப்படி இருந்தது என்று தெரிந்துகொள்வதற்காக அல்ல. இந்த முறை யார் மாட்டிக்கொண்டார்கள், எந்தச் சிலேடையால் அடி விழுந்தது என்று பார்ப்பதற்காக. அடிபட்டவர் பதில் சொல்ல வழியில்லை. தூரத்திலிருந்து வந்த விமர்சனம் நேர்மையாக இருந்தது, உரையாடலாக இருக்கவில்லை.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். ரசிகர்களின் தீர்ப்புக்குக் கலைஞன் காதுகொடுக்காமல் இருப்பதே நல்லது, எம்.டி. ராமநாதனைப் பாருங்கள் என்பார்கள். கட்டைக் குரலில், மிக விளம்பமாக, சொற்களை நிறுத்தி நிறுத்திப் பாடியவர் அவர். விறுவிறுப்பை எதிர்பார்த்து வந்தவர்கள் எழுந்து போனார்கள், பரிகசித்தார்கள். 1984இல் அவர் மறைந்த பிறகுதான் அந்த நிதானத்தின் அருமை பரவலாகப் பேசப்பட்டது. இன்று அவருடைய பதிவுகளைத் தேடித்தேடிக் கேட்கிறார்கள். கூட்டத்துக்காக அவர் காலப்பிரமாணத்தைக் கூட்டியிருந்தால் நமக்குத்தான் நஷ்டம். மறுக்க முடியாத உதாரணம் இது. ஆனால் எழுந்து போவது விமர்சனம் ஆகுமா? ஏன் இத்தனை மெதுவாகப் பாடுகிறீர்கள் என்று ஒருவர் கேட்டு, அவரும் ஒரு ராகத்தை இழுத்துக் காட்டி விளக்கியிருந்தால் மாறியிருக்கப்போவது பாட்டு அல்ல, கேட்டவரின் காது. ரசிகர் வாய் திறந்தால் வித்வான் திருந்துவார் என்பது என் வாதம் இல்லை. தன் அபிப்பிராயத்தைப் பாடியவர் எதிரிலேயே காரணத்தோடு சொல்ல வேண்டி வந்தால், ரசிகருக்கு அந்த அபிப்பிராயத்தைச் சோதித்துப் பார்க்க வேண்டிய கட்டாயம் வரும். கேன்டீன் மேஜையில் அந்தக் கட்டாயம் கிடையாது.

கேள்வியே கேட்காத பக்தி என்ன செய்யும் என்பதற்குப் புல்லாங்குழல் மாலியைவிடப் பொருத்தமான சாட்சி இல்லை. நேரத்துக்கு வராமல் இருப்பார், சில நாள் வரவே மாட்டார், வந்தால் பாதியில் எழுந்து போவார். ரசிகர்கள் காத்திருந்தார்கள், மன்னித்தார்கள், அதையே மேதைமையின் லட்சணமாக்கிக் கதை கட்டினார்கள். அந்த வாசிப்பு அத்தனைக்கும் தகுதியானதுதான். இருந்தாலும் அவரைச் சுற்றியிருந்த அன்பு அவருக்கு உதவியதா என்பது சந்தேகம். எதிர்முனையில், பாலமுரளிகிருஷ்ணா நான்கே ஸ்வரங்களில் மஹதி, லவங்கி போன்ற ராகங்களை அமைத்தபோது வீணை எஸ். பாலச்சந்தர் அதைக் கடுமையாக எதிர்த்தார். நான்கு ஸ்வரங்கள் ஒரு ராகமாகத் தாங்குமா, ராகத்தை ஒருவர் 'உண்டாக்கினேன்' என்று சொல்லலாமா என்பவை அருமையான கேள்விகள். அவை பொதுச்சண்டையாகி, யார் பக்கம் யார் என்ற கணக்கில் முடிந்தன. இன்றும் ரசிகர்கள் சண்டையை நினைவு வைத்திருக்கிறார்கள், கேள்வியை அல்ல.

நேருக்கு நேர் கேட்டுப் பதில் பெறும் இடம் ஒன்றுகூட இல்லை என்றால் அது தவறு. 1928இல் தொடங்கிய மியூசிக் அகாடமியின் காலை நிகழ்ச்சிகள், இன்று எல்லாரும் லெக்டெம் என்று சொல்பவை, அதற்காகவே ஏற்பட்டவை. ராக லட்சணம் பற்றி வித்வான்கள் அங்கே காரசாரமாக வாதிட்டிருக்கிறார்கள். ஒருவர் பாடிக் காட்ட, இன்னொருவர் மறுத்துப் பாடிக் காட்டியதும் உண்டு. நாகரிகம் குலையாமல் மறுக்க முடியும் என்பதற்கு இந்த மன்றமே அத்தாட்சி. ஆனால் அங்கே விவாதிப்பது லட்சணத்தை. முந்தைய நாள் சாயங்காலக் கச்சேரியை அல்ல. கேட்பவர்களும் பெரும்பாலும் அதே வட்டத்தார். ஒரு குறிப்பிட்ட சமூகமும் சில தெருக்களும் சேர்ந்து கட்டிய உலகம் இது. புதிதாக வந்த ஒருவர், அதுவும் வேறு பேச்சு வழக்கோடு வந்தவர், கையைத் தூக்குவதற்கு முன்னால் தன் ஞானத்தை நிரூபித்தாக வேண்டும் என்று உணர்கிறார். கேள்வி நேரத்தில் பாதி கேள்வியே அல்ல என்பதும் தெரிந்ததுதான்: தனக்கு எத்தனை பழைய வித்வான்களைத் தெரியும் என்ற பிரகடனம், கடைசியில் ஒப்புக்கு ஒரு கேள்விக்குறி.

சங்கீதத்தைப் பற்றி நேரில் பேசிப் பழகாத சபை, கோபம் வரும்போது சங்கீதத்தைத் தவிர எல்லாவற்றையும் பற்றிப் பேசும். 2018இல் கிறிஸ்தவப் பாடல்களைப் பாடியதற்காகக் கர்நாடகப் பாடகர்கள் சிலர்மேல் வசவும் மிரட்டலும் பாய்ந்தன, கச்சேரியே ரத்தாயிற்று. 2024 மார்ச்சில் பாடகர் டி.எம். கிருஷ்ணாவுக்கு சங்கீத கலாநிதி விருது அறிவிக்கப்பட்டபோது கலைஞர்களும் ரசிகர்களும் இரண்டாகப் பிரிந்தார்கள். அவருடைய அரசியலை எதிர்க்க யாருக்கும் உரிமை உண்டு, ஆதரிக்கவும் உண்டு. ஆனால் வர்ணத்தைக் கச்சேரியின் நடுவே கொண்டுவந்து பிரதானமாகப் பாடியவர், தனி எங்கே வர வேண்டும் என்ற வழக்கத்தையே கலைத்துப் போட்டவர் அவர். அது இசையை மேலெடுத்துச் சென்றதா, பத்ததியின் கட்டுக்கோப்பைக் குலைத்ததா என்று விவாதிக்க வருஷக்கணக்கில் அவகாசம் இருந்தது. அந்த விவாதம் முணுமுணுப்பாகவே நின்றுபோனது. வசைக்கு மட்டும் ஒலிபெருக்கி கிடைத்தது.

லெக்டெம் நடக்கும் அதே காலை வேளையில், வாரத்துக்கு ஒரு நாள், சமீபத்தில் பாடிய ஒருவர் தன் கச்சேரிப் பதிவிலிருந்து சில பகுதிகளைப் போட்டுக்காட்டிக் கேள்விகளை எதிர்கொள்ளலாம். யார் சம்மதிப்பார்கள் என்று கேட்பது நியாயம். மேலே வர முயலும் இளையவர்களிடம் இதைக் கேட்பது அக்கிரமம். குரல் என்பது உடம்பின் பகுதி, அதைப் பலர் முன் அலசுவது வலிக்கும். ஆகவே ஆரம்பிக்க வேண்டியவர்கள், எந்தச் செயலாளரின் தயவும் தேவைப்படாத உயரத்துக்குப் போய்விட்டவர்கள். அமைப்பதில் கஷ்டமில்லை, ஒலிப்பதிவு இருக்கிறது, அரங்கம் இருக்கிறது, காலையில் எழுந்து வரும் கூட்டமும் இருக்கிறது. ஒரு கஷ்டத்துக்கு மட்டும் எனக்கு வழி தெரியவில்லை. கேள்விகள் எல்லாம் பாடகரை நோக்கியே போகும். வயலின் வாசித்தவர் ஆலாபனையில் என்ன செய்தார், மிருதங்கக்காரர் நிரவலுக்கு ஏன் அப்படிச் சொல் போட்டார் என்று கேட்கத் தெரிந்தவர்கள் சபையில் மிகச் சிலர். தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் எழுந்து காபிக்குப் போகிறவர்களிடமிருந்து அந்தக் கேள்விகள் எப்படி வரும்?