மிரியம்-ரோஸ் உங்குன்மெர்-பௌமனின் சிலுவைப்பாதை ஓவியங்கள்: ஒரு திறனாய்வு

முன்னுரை

சமயஞ்சார்ந்த ஓவியங்களைப் பற்றித் தமிழில் எழுதப்படுவன பெரும்பாலும் அவை எக்கதையைச் சொல்கின்றன என்பதோடு நின்றுவிடுகின்றன. அக்கதை எம்முறையில் சொல்லப்படுகிறது, அம்முறை கதையை என்ன செய்கிறது என்னும் வினாக்கள் அரிதாகவே எழுகின்றன. ஆஸ்திரேலியாவின் வட ஆட்சிப்பகுதியைச் சேர்ந்த பூர்வகுடி ஓவியரும் ஆசிரியருமான மிரியம்-ரோஸ் உங்குன்மெர்-பௌமன் 1974-75 ஆம் ஆண்டுகளில் அக்ரிலிக் வண்ணத்தில் தீட்டிய சிலுவைப்பாதை ஓவியங்களை முன்வைத்து இவ்வினாக்களை எழுப்ப இக்கட்டுரை முற்படுகிறது.

இத்தகைய ஓவியங்களைக் குறித்து இருவகைத் தீர்ப்புகள் ஆயத்தமாக உள்ளன. கிறித்துவக் கதைக்கு உள்ளூர் ஆடை அணிவிக்கப்பட்டுள்ளது எனப் பாராட்டுவது ஒன்று. கலப்புற்றமையால் இது தூய பூர்வகுடிக் கலையன்று என ஒதுக்குவது மற்றொன்று. ஒன்று புகழ்கிறது, மற்றொன்று இகழ்கிறது. எனினும் இரண்டும் ஒரே எடுகோளின்மீது நிற்கின்றன. கதை உடல், ஓவியமரபு அதன்மேல் போர்த்தப்பட்ட ஆடை என்பதே அவ்வெடுகோள். இவ்வோவியரிடத்தில் அவ்வெடுகோள் பொருந்தாது என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

வாழ்வும் கல்விப்பணியும்

மிரியம்-ரோஸ் 1950 இல் டேலி ஆற்றுப் பகுதியில் பிறந்தவர். அவர்தம் ஊராகிய நௌயூ, டார்வின் நகரிலிருந்து ஏறத்தாழ 220 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. அவர் ஙன்கித்யெமெரி மொழியினர். தமிழில் அருகியே மொழிமுதலாகும் ஙகரம் அம்மொழிப் பெயரின் முதலெழுத்தாக நிற்பது தமிழாசிரியர்களின் கவனத்தை ஈர்க்கக்கூடும். டேலி ஆற்றங்கரையில் இயேசு சபையினர் 1886 முதல் 1899 வரை சமயப்பணி நடத்தி, பின்னர் வெளியேறினர். 1955 இல் திரு இருதய சபையினர் அங்கு மீண்டும் ஒரு பணித்தளத்தையும் பள்ளியையும் தொடங்கினர். மிரியம்-ரோஸ் தமது பதினைந்தாம் வயதில் கத்தோலிக்கத் திருமுழுக்குப் பெற்றார்.

1975 இல் அவர் வட ஆட்சிப்பகுதியின் முழுத்தகுதி பெற்ற முதல் பூர்வகுடி ஆசிரியரானார். சிலுவைப்பாதை ஓவியங்கள் நிறைவெய்தியதும் அக்காலத்திலேயே என்பது கருதத்தக்கது. கல்வித்துறையின் ஓவிய ஆலோசகராகப் பல பள்ளிகளுக்குச் சென்று, பிள்ளைகள் தம் மரபுவழிக் கோலங்களை வகுப்பறையிலேயே தீட்டுவதற்கு ஊக்கமளித்தார். 1980களில் நௌயூவில் மெர்ரெபென் கலைமையத்தை நிறுவினார். பனைவகை ஒன்றின் நாரினால் பை முடையும் பெண்களின் கைத்திறன் மரபு அம்மையத்தின் அடித்தளங்களுள் ஒன்றாகும். 1993 இல் தம் ஊர்ப்பள்ளியின் தலைமையாசிரியரானார். 1998 இல் ஆஸ்திரேலிய அரசின் விருது பெற்ற அவர், 2013 இல் தம் பெயரில் ஓர் அறக்கட்டளையைத் தொடங்கினார். 2021 ஆம் ஆண்டின் சிறந்த ஆஸ்திரேலிய மூத்த குடிமகளாகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

இவ்வாழ்க்கைக் குறிப்பில் ஓவியமும் ஆசிரியப் பணியும் இரு தனித்துறைகளாகப் பிரிந்து நிற்கவில்லை. இரண்டும் ஒரே வகுப்பறையில் தொடங்கியவை. அவருடைய ஓவியங்களைப் பயில்வோர் முதற்கண் மனங்கொள்ள வேண்டிய செய்தி இதுவே எனலாம்.

ஊடகமும் வரலாற்றுப் பின்னணியும்

ஓவியருக்குரிய நீர்க்கரைசல் அக்ரிலிக் வண்ணங்கள் 1950களின் நடுப்பகுதியில்தான் விற்பனைக்கு வந்தன. நிறத்துகள்கள் ஒருவகை நெகிழிப் பிசினில் கலக்கப்பட்டிருக்கும். நீர் ஆவியானதும் அப்பிசின் இறுகி, மீண்டும் நீரில் கரையாத படலமாகிவிடும். எண்ணெய் வண்ணம் உலர நாட்கள் பிடிக்கும். ஆதலால் ஒளியையும் நிழலையும் ஒன்றோடொன்று இழைத்து உடலுக்குத் திரட்சி தருவதற்கு அது ஏற்றது. அக்ரிலிக் சில நிமிடங்களில் உலர்வதால் அவ்விழைப்புக்கு எளிதில் இடந்தராது. ஆனால் ஒரு நிறத்தின்மீது மற்றொரு நிறத்தைக் கலங்காமல் இடுவதற்கும், கோட்டின்மேல் கோடு, புள்ளியின் அருகே புள்ளி என அடுக்குவதற்கும் அது மிகப் பொருந்தும்.

ஐரோப்பியச் சமய ஓவியம் சிலுவைப்பாதையைச் சித்திரித்தபோது ஒளிநிழல் வழியாகவே துயரத்தை உணர்த்தியது. முகத்தின் வாட்டமும் தசையின் முறுக்கமும் அதன் மொழி. சடங்கு வேளைகளில் உடலில் தீட்டும் கோலங்களையும் செய்திக்கோல்களில் செதுக்கும் குறிகளையும் கண்டு வளர்ந்த மக்களின் காட்சிமொழி வேறு. அது கோடும் புள்ளியும் வட்டமுமாக அமைந்தது. புதிதாக வந்த வேதியியல் பொருளொன்று பழைய ஐரோப்பிய முறையைவிட இம்மரபுக்கு அணுக்கமாக இருந்தது வியப்புக்குரியது. 1971 இல் மத்திய ஆஸ்திரேலியாவின் பாப்புன்யாவில், பள்ளியாசிரியர் ஜெஃப்ரி பார்டனின் ஊக்கத்தால் பூர்வகுடிப் பெரியவர்கள் பள்ளிச்சுவரில் தேனெறும்புக் கனவுமரபைத் தீட்டினர். அங்கிருந்தே புகழ்பெற்ற அக்ரிலிக் ஓவிய இயக்கம் கிளைத்தது. அங்கும் கலைக்கு வாயிலாக அமைந்தது பள்ளியே.

ஆயினும் பாப்புன்யா ஓவியங்களுக்குப் பின்னாளில் கிடைத்த மதிப்பு, சமயப்பணித் தளங்களில் உருவான ஓவியங்களுக்கு எளிதில் கிட்டவில்லை. ஹெர்மன்ஸ்பர்க் லுத்தரன் பணித்தளத்தில் வளர்ந்த ஆல்பர்ட் நமத்ஜிரா (1902-1959) நீர்வண்ணத்தில் தம் நிலத்தைத் தீட்டியபோது மக்கள் விரும்பி வாங்கினர். திறனாய்வாளர் பலரோ அவற்றை ஐரோப்பியப் போலிகள் என ஒதுக்கினர். அவை தம் முன்னோர் நிலத்தைப் பற்றிய அறிவின் பதிவுகள் எனப் பிற்காலத்தில்தான் மறுவாசிப்புச் செய்யப்பட்டது. தூய்மை என்னும் அளவுகோல் ஒரு கலைஞரை எவ்வாறு தவறாக அளக்கும் என்பதற்கு அவ்வரலாறு சான்றாகும்.

சிலுவைப்பாதை: கதையும் நடையும்

சிலுவைப்பாதை என்பது இயேசுவின் தீர்ப்பு முதல் அடக்கம் வரையிலான நிகழ்வுகளை நிலைகளாக வகுத்து, ஒவ்வொன்றின்முன்னும் நின்று தியானிக்கும் கத்தோலிக்க வழிபாட்டு முறை. நிலைகளின் எண்ணிக்கை 1731 இல் பதினான்கு என வரையறுக்கப்பட்டது. ஆகவே ஓவியரின் உரிமை மிகக் குறுகியது. நிகழ்ச்சி, வரிசை, எண்ணிக்கை ஆகிய மூன்றும் முன்னரே முடிவானவை. எஞ்சியிருப்பது சொல்முறை ஒன்றே.

மிரியம்-ரோஸின் ஓவியங்களில் மண்ணின் நிறங்களே மிகுந்துள்ளன. உருவங்கள் சுருக்கமானவை. கோடுகளும் புள்ளிகளும் உருவங்களின் உடலிலும் அவற்றைச் சூழ்ந்த வெளியிலும் நிரம்பியுள்ளன. ஐரோப்பிய ஓவியத்தில் முகம் செய்த பணியை இங்குக் கோலம் செய்கிறது. துயரம் ஒருவருடைய முகத்திற்குள் அடங்காமல், அவரைச் சூழ்ந்த நிலத்திற்கும் மக்களுக்கும் பரவுகிறது. தனியொருவரின் வேதனையைக் காணும் காட்சியாளராக நாம் நிறுத்தப்படுவதில்லை. அவ்வேதனை பரவும் வெளிக்குள்ளேயே நிறுத்தப்படுகிறோம். கோலத்தை நீக்கிவிட்டால் கதை மிஞ்சும் என எண்ணுவதற்கு இடமில்லை. கோலமே இங்குப் பேசுகிறது. ஆடையும் உடலும் என்னும் உவமை இவ்விடத்தில் உடைந்துபோகிறது.

கட்டப்பட்டு நடத்திச் செல்லப்படும் மனிதன் என்னும் உருவம் வட ஆஸ்திரேலியாவில் வெறும் விவிலியச் செய்தியன்று. பூர்வகுடிக் கைதிகள் கழுத்தில் சங்கிலியிடப்பட்டு நடத்தப்பட்ட காலம் வெகுதொலைவில் இல்லை. இவ்வோவியங்கள் தோன்றியபோது, 1967 ஆம் ஆண்டுப் பொதுவாக்கெடுப்பு நடந்து எட்டாண்டுகளே ஆகியிருந்தன. வட ஆட்சிப்பகுதிக்கான நிலவுரிமைச் சட்டம் 1976 இல்தான் நிறைவேறியது. ஆயினும் இவற்றை எதிர்ப்புக் கலை என வகைப்படுத்துவது பொருந்தாது. குற்றஞ்சாட்டும் குரல் இவற்றில் ஓங்கவில்லை. பார்ப்பவரைத் தம்முன் நிற்கச்செய்து, தாமே உணருமாறு விட்டுவிடுகின்றன.

ஒப்புநோக்கு

தமிழ் இலக்கியத்தில் இச்சிக்கல் புதிதன்று. வீரமாமுனிவரின் தேம்பாவணியும் உமறுப்புலவரின் சீறாப்புராணமும் வேற்றுநிலக் கதைகளைத் தமிழ்க் காப்பிய மரபில் பாடியவை. அவற்றில் வரும் மருதநில வருணனைகளைக் கதைக்குப் புறம்பான அணிகள் எனக் கொள்வோர் உண்டு. காப்பிய இலக்கணம் கதையை ஏற்றுக்கொண்ட முறையே அது எனக் கொள்வோரும் உண்டு. பின்னவர் நோக்கே மிரியம்-ரோஸின் ஓவியங்களை அணுகுவதற்குத் துணைசெய்யும்.

எனினும் ஒரு வேறுபாட்டை மறத்தலாகாது. வீரமாமுனிவர் இத்தாலியிலிருந்து வந்து தமிழ் மரபைக் கற்று, தாம் கொணர்ந்த கதையை அதில் அமைத்தார். மிரியம்-ரோஸோ தம் மரபுக்குள் பிறந்து, வந்த கதையை ஏற்றவர். முன்னவரிடம் மரபு கற்றுக்கொள்ளப்பட்டது. பின்னவரிடம் கதை வரவேற்கப்பட்டது. விருந்து வந்த கதை, வீட்டின் முறைக்கேற்ப அமர்த்தப்பட்டிருக்கிறது. இங்கு வீட்டுக்குரியவர் யார் என்பதில் ஐயமில்லை.

கேட்டல் என்னும் கோட்பாடும் ஓர் ஆய்வுச்சிக்கலும்

1988 இல் மிரியம்-ரோஸ் ஆற்றிய உரையொன்றின் வழியாகத் ‘தடிரி’ என்னும் சொல் ஆஸ்திரேலியா முழுவதும் அறியப்பட்டது. ஆழ்ந்து உட்கேட்டல், அமைதியான விழிப்புநிலை என அதனை அவர் விளக்கினார். கேள்விகளை அடுக்கிக் கற்பதைவிடப் பார்த்தும் கேட்டும் காத்திருந்தும் கற்பதே தம் மக்களின் வழி என்றும் எடுத்துரைத்தார். அவர்தம் மக்களின் மற்றொரு மொழிப்பெயரான ஙன்கிகுருங்குர் என்பதற்கும் ஆழ்நீரின் ஒலி என்பதே பொருள்.

இன்று சிலுவைப்பாதை ஓவியங்களைத் தடிரியின் வெளிப்பாடு என உடனே கூறிவிடும் போக்கு இயல்பாகவே எழுகிறது. ஆனால் ஓவியங்களுக்கும் உரைக்கும் இடையே பதின்மூன்று ஆண்டுகள் உள்ளன. பின்வந்த கோட்பாட்டைக் கொண்டு முன்வந்த படைப்பை விளக்குவது ஆய்வுநெறிக்கு ஏற்புடையதன்று. மாறாக, ஓவியத்திலிருந்து உரைக்குச் செல்வதே தக்கது. நிலைதோறும் நின்று, விரையாமல், ஒரே வகைக் கோட்டையும் புள்ளியையும் பொறுமையுடன் இட்டு நிரப்பிய கை, பின்னாளில் கருத்தாக வடித்தெடுத்ததை முன்னரே செயலாகப் பழகியிருந்தது எனக் கருதலாம். தடிரியை ஓய்வுக்கான உத்தியாகச் சுருக்கி வழங்குவோருக்கு இவ்வோவியங்கள் நல்ல மறுமொழியாகும். இங்குக் கேட்கப்படுவது இனிய அமைதியன்று, ஒரு மனிதன் கொல்லப்படும் கதை.

இவ்வோவியங்களின்மீது வைக்கத்தக்க குறை ஒன்றும் உண்டு. வெளியார்க்கு இவற்றின் குறிகள் விளங்குவதில்லை. 1984 இல் இவை ஓவியரின் விளக்கங்களோடு நூலாக வெளிவந்தமை இத்தேவையை மெய்ப்பிக்கிறது. விளக்கம் வேண்டும் ஓவியம் தன்னளவில் நிறைவுடையதாகுமா? குறுந்தொகைப் பாடல்களை அவற்றின் கூற்றுக் குறிப்புகளின்றிப் படித்தால் பேசுபவர் தோழியா தலைவியா எனத் தடுமாறுவோம். அதனால் அப்பாடல்கள் குறையுடையன என்பதில்லை. அவை ஒரு மரபை அறிந்த அவையை நோக்கியவை. மேலும் பூர்வகுடி மரபில் சில வடிவங்களின் பொருள் அனைவர்க்கும் உரியதன்று. எதை விளக்குவது, எதை விளக்காமல் விடுவது என்பது மரபினரின் உரிமை. ஆகவே அனைத்தையும் அறிந்தாக வேண்டும் என்னும் நம் ஆய்வாளர் வேட்கைக்கு இவ்வோவியங்கள் ஓர் எல்லை வகுக்கின்றன. அவ்வெல்லையை மதிப்பதும் திறனாய்வின் ஒரு பகுதியே.

முடிவுரை

மிரியம்-ரோஸின் சிலுவைப்பாதை ஓவியங்கள் உள்ளூர் ஆடையணிந்த விவிலியப் படங்களுமல்ல, மாசுற்ற மரபுக்கலையுமல்ல. வரிசையும் எண்ணிக்கையும் முன்னரே முடிவான ஒரு கதையை, தம் மக்களின் காட்சிமொழி தன் இலக்கணத்திற்கேற்பப் படித்த படிப்பு அவை. விரைந்து உலரும் ஓர் எளிய வண்ணம் அப்படிப்புக்குக் கருவியாயிற்று.

நம் தமிழ்ப்பள்ளிகளிலும் ஓவியப் பாடவேளை தேர்வுக்காலத்தில் முதலில் பறிபோகும் வேளையாக இருப்பதைப் பலரும் அறிவர். மிரியம்-ரோஸின் வாழ்வு அங்குதான் நம்மைச் சற்று நிறுத்துகிறது. தம் மண்ணின் கோலத்தைப் பள்ளித்தாளில் தீட்டும் பிள்ளை பொழுதுபோக்கவில்லை. தனக்கு வந்து சேரும் கதைகளையெல்லாம் தன் மொழியில் படிக்கக் கற்றுக்கொள்கிறது. அதனை அறிந்த ஓர் ஆசிரியர், அதனை முதலில் தாமே செய்துகாட்டினார்.