வாக்குரிமையும் மனச்சான்றும்: வெஸ்லியின் மூன்று அறிவுரைகள் பற்றிய ஒரு திறனாய்வு

தேர்தல் காலம் நெருங்கும்போதெல்லாம் நம் திருச்சபைகளில் பழைய நாட்குறிப்புப் பகுதியொன்று நினைவுகூரப்படுகிறது. யோவான் வெஸ்லி 1774ஆம் ஆண்டு அக்டோபர் 6ஆம் நாள் எழுதிவைத்த சில வரிகளே அவை. பிரிஸ்டல் நகரில் வாக்குரிமை பெற்றிருந்த தம் சங்கத்தாரைச் சந்தித்து, அவர் மூன்று அறிவுரைகள் வழங்கினார். கூலியோ கைம்மாறோ பெறாமல், மிகுந்த தகுதியுடையவர் எனத் தாங்கள் கருதுபவருக்கே வாக்களிக்கவேண்டும் என்பது முதலாவது. யாருக்கு எதிராக வாக்களிக்கிறார்களோ அவரைப்பற்றித் தீது பேசலாகாது என்பது இரண்டாவது. மறுபக்கத்தில் வாக்களித்தவர்கள்மீது தங்கள் உள்ளம் கடுமை கொள்ளாதபடி காத்துக்கொள்ளவேண்டும் என்பது மூன்றாவது.

இம்மூன்றும் அருளுரைகளில் எடுத்தாளப்படும்போது, பெரும்பாலும் சண்டையின்றி வாக்களிக்கும்படியான நன்னடத்தை விதிகளாகச் சுருங்கிவிடுகின்றன. அங்ஙனம் சுருக்குவோர் இவற்றின் பொருளை இழந்துவிடுகின்றனர் என்பது என் கருத்து. இவற்றைத் தந்தவரே அடுத்த ஆண்டில் இவற்றிலிருந்து வழுவினார் என்பதையும் நாம் மறைக்கலாகாது. அறிவுரையின் வலிமையையும், அறிவுரை தந்தவரின் வழுவலையும் ஒருங்கே காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பின்னணி

அந்நாளைய பிரிஸ்டல் இங்கிலாந்தின் பெருந்துறைமுகங்களுள் ஒன்று. அதன் செல்வத்தில் ஒரு பங்கு அடிமை வாணிபத்தால் வந்தது. அமெரிக்கக் குடியேற்றங்களோடு அரசாங்கம் கொண்டிருந்த பிணக்கு முற்றிக்கொண்டிருந்த காலம் அது. 1773 டிசம்பரில் பாஸ்டன் துறைமுகத்தில் தேயிலை கடலில் கொட்டப்பட்டது; 1774இல் அத்துறைமுகத்தை மூடும் சட்டம் பிறந்தது. அமெரிக்காவோடு வாணிபம் செய்து வாழ்ந்த பிரிஸ்டல் மக்களுக்கு இப்பிணக்கு தங்கள் பிழைப்பைத் தொடும் செய்தியாயிருந்தது.

நகருக்குரிய இரண்டு இடங்களுக்கு நடந்த போட்டியில் ஹென்றி குரூகர் நியூயார்க்கில் பிறந்த வணிகர். எட்மண்ட் பர்க் அமெரிக்கரோடு இணக்கம் வேண்டியவர். மாத்யூ பிரிக்டேல் ஏற்கெனவே உறுப்பினராயிருந்தவர். வாக்குப்பதிவு ஏறத்தாழ நான்கு வாரங்கள் நீடித்தது. குரூகர் 3,565 வாக்குகளும், பர்க் 2,707 வாக்குகளும் பெற்று வென்றனர்; பிரிக்டேல் 2,456 வாக்குகளோடு தோற்றார்.

மறைவான வாக்களிப்பு இங்கிலாந்தில் 1872ஆம் ஆண்டில்தான் சட்டமாயிற்று என்பதை இங்கு நினைவில் கொள்ளவேண்டும். அதற்குமுன் வாக்காளர் அனைவர் முன்னிலையிலும் தாம் தேர்ந்தவர் பெயரை வாயால் அறிவிக்கவேண்டும். அது ஏட்டில் எழுதப்படும். பல தொகுதிகளில் அவ்வேடு அச்சாகியும் வெளிவந்தது. ஆகவே வேலை கொடுத்தவர், கடன் கொடுத்தவர், வாடிக்கையாளர் ஆகிய யாவரும் ஒருவனுடைய வாக்கை அறிவர். சங்கத்தின் வகுப்புக் கூட்டத்தில் பக்கத்தில் அமர்ந்து தன் பாவங்களை அறிக்கையிடும் சகோதரன் யாருக்கு வாக்களித்தான் என்பதும் தெரிந்ததே. இச்சூழலில்தான் வெஸ்லியின் மூன்றாம் அறிவுரை பிறந்தது. முகமறியா எதிர்க்கட்சியாரை மனத்திற்கொண்டு அவர் இதனைக் கூறவில்லை. ஒரே அப்பத்தில் பங்குபெறும் அயலானைப்பற்றியே கூறினார்.

அறிவுரைகளின் உட்பொருள்

முதலாம் அறிவுரையை வெஸ்லியின் முந்தைய எழுத்தொன்றோடு ஒப்பிட்டால் அதன் சிறப்பு விளங்கும். 1747இல் அவர் நிலவுடைமை வாக்காளருக்கென்று ஒரு சிறு துண்டுநூல் வெளியிட்டார். பணம் வாங்கலாகாது என்பதையும், தேர்தல் முழுவதும் தன் ஒரு வாக்கையே சார்ந்திருப்பதாக எண்ணி வாக்களிக்கவேண்டும் என்பதையும் அதில் வலியுறுத்தினார். அத்துடன் நில்லாமல், கடவுளை நேசிப்பவனுக்கு வாக்களிக்கும்படியும், அத்தகையோன் இல்லையேல் மன்னரை நேசிப்பவனுக்கு வாக்களிக்கும்படியும் வழிகாட்டினார். ஸ்டூவர்ட் வம்சத்தார்க்காக எழுந்த 1745ஆம் ஆண்டுக் கலகத்தின் அச்சம் அந்நூலில் தென்படுகிறது. 1774ஆம் ஆண்டின் அறிவுரையிலோ மன்னரின் பெயரும் இல்லை, கட்சியின் பெயரும் இல்லை. வெஸ்லி இறுதிவரை மன்னராட்சிப் பற்றாளராகவே இருந்தார். ஆயினும் தகுதியை அளந்தறியும் பொறுப்பை வாக்காளரின் மனச்சான்றிடமே அன்று ஒப்படைத்தார். தம் மந்தை தம்மைவிட வேறாகத் தீர்ப்புச் செய்யக்கூடும் என்பதை அறிந்தும் ஒரு மேய்ப்பர் மௌனம் காப்பது எளிதன்று.

அதே நகரில் அதே ஆண்டு நவம்பர் 3ஆம் நாள் பர்க் தம் வாக்காளருக்கு ஆற்றிய உரை புகழ்பெற்றது. பிரதிநிதி தன் உழைப்பை மட்டுமன்றித் தன் நிதானமான தீர்ப்பையும் மக்களுக்குக் கடன்பட்டிருக்கிறான் என்றும், அவர்கள் கருத்துக்காகத் தன் தீர்ப்பைப் பலியிடுவது அவர்களுக்குத் துரோகம் செய்வதாகும் என்றும் அவர் வாதிட்டார். அயர்லாந்தின் வாணிப உரிமைக்கும் கத்தோலிக்கரின் உரிமைக்கும் துணைநின்றதே 1780இல் பிரிஸ்டல் அவரைக் கைவிட்டதற்கு முக்கிய காரணமாயிற்று. வாக்காளரின் மனச்சான்றை ஒருவரும், பிரதிநிதியின் மனச்சான்றை மற்றவரும் நான்கு வாரங்களுக்குள் ஒரே ஊரில் வற்புறுத்தினர் என்பது கருதத்தக்கது.

இரண்டாம் அறிவுரையே மிகுதியாகத் தவறாய்ப் புரிந்துகொள்ளப்படுவது. தீது பேசாதிருத்தல் என்பது தீமையைப்பற்றிப் பேசாதிருத்தல் என்று பலர் கொள்கின்றனர். வெஸ்லி அவ்வாறு கொள்ளவில்லை என்பதற்கு அவ்வாண்டே சான்று. 1774இல்தான் அவர் அடிமைத்தனத்தைப்பற்றிய தம் சிந்தனைகளை நூலாக வெளியிட்டார். அதில் மனிதரைப் பிடித்து விற்கும் கப்பல் தலைவர்களையும், வணிகர்களையும், தோட்ட முதலாளிகளையும் நேர்முகமாய் விளித்து, அவர்கள் கைகளில் இரத்தப்பழி இருப்பதைக் கண்டித்தார். அடிமை வாணிபத்தால் கொழுத்த நகரில் சங்கம் நடத்தியவர் இதை எழுதினார். ஆகவே கொள்கையையும் செயலையும் கண்டிப்பதற்கு இரண்டாம் அறிவுரை தடையன்று. எதிராளியின் உள்நோக்கத்தை நாமே கற்பித்து அவன்மேல் சுமத்துவதையும், அவனுடைய நற்பெயரைத் திருடுவதையுமே அது தடுக்கிறது. இவ்வேறுபாட்டை உணராத சபைகளில், உண்மையைக் கூற அஞ்சுவோர் தங்கள் அச்சத்திற்குச் சாந்தகுணம் என்று பெயரிட்டுக்கொள்கின்றனர்.

மூன்றாம் அறிவுரை முதலிரண்டிற்கும் வேராகும். முதலாவது கையைப் பற்றியது. இரண்டாவது நாவைப் பற்றியது. மூன்றாவது உள்ளத்தைப் பற்றியது. கை சுத்தமாயும் நா அடங்கியும் இருக்க, உள்ளம் மட்டும் கடுத்துப்போகக்கூடும். மனச்சான்றின்படி வாக்களித்தவனுக்கே இவ்வபாயம் அதிகம். தான் நேர்மையாய்த் தேர்ந்தது உண்மையானால் வேறாகத் தேர்ந்தவன் நேர்மையற்றவனாயிருக்கவேண்டும் என்று அவன் எளிதில் முடிவு கட்டிவிடுகிறான். ரோமருக்கு எழுதிய நிருபத்தின் 14ஆம் அதிகாரத்தில் பவுல் கையாளும் சிக்கல் இதுவே. புசிப்பவனும் புசியாதவனும் கர்த்தருக்கென்றே அதைச் செய்வதாக அவர் ஒப்புக்கொள்கிறார். ஒருவன் தன் மனத்தில் நிச்சயமுள்ளவனாயிருக்கவேண்டும் என்பதையும், மற்றவனைக் குற்றவாளியாகத் தீர்க்கலாகாது என்பதையும் சேர்த்தே கற்பிக்கிறார். வரி தண்டிய மத்தேயுவும், செலோத்தே எனப்பட்ட சீமோனும் ஒரே பன்னிருவருள் இடம்பெற்றிருந்ததும் ஆழ்ந்து தியானிக்கத்தக்கது.

வெஸ்லி வழுவிய இடம்

1775இல் அமெரிக்கக் குடியேற்றத்தாருக்கென்று அமைதியான வேண்டுகோள் ஒன்றை வெஸ்லி வெளியிட்டார். அதன் பெரும்பகுதி, வரிவிதிப்பு கொடுங்கோன்மையாகாது என்று சாமுவேல் ஜான்சன் எழுதிய துண்டுநூலிலிருந்து, அவர் பெயரைச் சொல்லாமலே எடுக்கப்பட்டது. பின்வந்த பதிப்பின் முன்னுரையில்தான் அந்நூலை வாசித்துத் தம் கருத்து மாறியதாக வெஸ்லி குறிப்பிட்டார். அன்றியும், மன்னராட்சியின் பகைவரான சிலர் இங்கிலாந்தில் மறைவாயிருந்து இக்கலகத்தைத் தூண்டுவதாகவும் எழுதினார். எதிராளிமீது உள்நோக்கம் கற்பிப்பதற்கு இதைவிட வேறு எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

மறுமொழிகளும் கடுமையாகவே வந்தன. பிரிஸ்டல் பாப்திஸ்து போதகர் காலேப் எவன்ஸ் எதிர்த்து எழுதினார். பிளவுண்ட மலையாகிய கிறிஸ்துவைப் பாடிய அகஸ்டஸ் டாப்லடி, வெஸ்லியைக் கிழநரியாக உருவகித்து, அந்நரிக்குத் தார் பூசி இறகொட்டுவதாகவே தம் நூலுக்குத் தலைப்பிட்டார். இதன் விளைவு கடல்கடந்தும் சென்றது. அமெரிக்காவில் மெதடிஸ்டுகள் மன்னரின் ஆட்கள் என்று ஐயுறப்பட்டனர். வெஸ்லி அனுப்பிய போதகர்களுள் பெரும்பாலோர் தாய்நாடு திரும்ப நேர்ந்தது. அங்கேயே தங்கிய பிரான்சிஸ் ஆஸ்பரி, மதிப்பிற்குரிய அப்பெரியவர் அமெரிக்க அரசியலில் தலையிட்டதைக் குறித்துத் தம் நாட்குறிப்பில் வருந்தினார்.

ஓராண்டுக்குமுன் தாம் பிறருக்குக் கற்பித்ததை வெஸ்லி கைக்கொள்ளவில்லை என்பதால் அக்கற்பனை பொய்யாகிவிடாது. போதகர் தம் கட்சிச் சார்பை மனச்சான்றின் குரல் என்று எண்ணி ஏமாறுவது எவ்வளவு எளிது என்பதை அது காட்டுகிறது.

அறிவுரையிலும் ஒரு குறை உண்டு. வாக்குரிமை பெற்றிருந்தோரையே அது நோக்குகிறது. வெஸ்லியின் சங்கங்களில் நிறைந்திருந்த பெண்களுக்கும், கிங்ஸ்வுட் சுரங்கத் தொழிலாளர் போன்ற ஏழைகளுக்கும் பெரும்பாலும் வாக்கில்லை. வாக்கற்றோர் சார்பிலும் தகுதியை அளக்கவேண்டும் என்ற சொல் அங்கில்லை. 1950இல் நடைமுறைக்கு வந்த நம் அரசியலமைப்பு, வயதுவந்தோர் யாவருக்கும் வாக்குரிமை வழங்கியது. எனினும், பேச இயலாதோரின் நலத்தை எண்ணி வாக்களிக்கும் கடமை நம்மைவிட்டு நீங்கவில்லை.

நம் பொறுப்பு

வெஸ்லியின் மரபு நமக்கு அந்நியமானதன்று. மெதடிஸ்ட் ஊழியர் 1814இல் இலங்கைக்கும் 1817இல் சென்னைக்கும் வந்தனர். 1947 செப்டம்பர் 27ஆம் நாள் உருவான தென்னிந்தியத் திருச்சபையில் அம்மரபும் இணைந்தது. ஆகவே அவர் அறிவுரையை நம் சூழலில் உரைத்துப் பார்ப்பது தகும்.

1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123ஆம் பிரிவு வியக்கத்தக்க முறையில் அவ்வறிவுரைகளோடு பொருந்துகிறது. வாக்கிற்குக் கையூட்டுக் கொடுப்பதையும் பெறுவதையும் அது தடுக்கிறது. வேட்பாளரின் தனிப்பட்ட நடத்தையைப்பற்றிப் பொய் பரப்புவதைத் தடுக்கிறது. சமயம், சாதி, மொழி முதலியவற்றின் பேரால் பகைமை மூட்டுவதைத் தடுக்கிறது. ஆயர்கள் அறியவேண்டிய மற்றொன்றும் அங்குண்டு. இன்னாருக்கு வாக்களித்தால், அல்லது வாக்களிக்காவிட்டால், தெய்வ சினத்திற்கு ஆளாவாய் என்று வேட்பாளரின் இசைவோடு ஒருவர் வாக்காளரை நம்பச்செய்வதும் தகாத செல்வாக்கு என்றே கொள்ளப்படும். ஆயினும் சட்டம் கையையும் நாவையும்தான் எட்டும். பணப்பட்டுவாடாவின் பொருட்டு 2016இல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர்த் தொகுதிகளிலும், 2019இல் வேலூர் மக்களவைத் தொகுதியிலும் தேர்தலை நிறுத்தித் தேர்தல் ஆணையம் கையைத் தடுக்க முயன்றது. உள்ளத்தின் கசப்பை நிறுத்த எந்த ஆணையத்தாலும் இயலாது. அது திருச்சபையின் வேலை.

அவ்வேலையில் நான் தவறியதுண்டு. கிராமச் சபையொன்றில் நான் ஆயராயிருந்தபோது, சட்டமன்றத் தேர்தலுக்குப்பின் மூப்பர் ஒருவர் திருவிருந்துக்கு வருவதை நிறுத்திவிட்டார். எதிர்த்தரப்பில் நின்ற தம் சகோதரனோடு அவருக்கு மனத்தாங்கல் என்று எண்ணி, ஒப்புரவாகும்படி புத்திசொல்லச் சென்றேன். அவர் பொறுமையாய்க் கேட்டுவிட்டு, "ஐயா, தம்பியோடு எனக்கு ஒன்றுமில்லை. மூன்று ஞாயிறுகளாக நீங்கள் ஏறெடுத்த மன்றாட்டு ஜெபத்தில் எந்தக் கட்சியின் சொற்கள் இருந்தன என்பதை நாங்கள் கவனித்துக்கொண்டுதான் இருந்தோம்" என்றார். நான் எந்தப் பெயரையும் சொல்லவில்லை; ஆனால் அவர் கூறியது உண்மை. அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அடுத்த திருவிருந்துக்கு அவர் வந்தார்.

அதுமுதல் தேர்தல் காலங்களில் என் மன்றாட்டு ஜெபங்களை முன்னரே எழுதிவைத்து, நான் ஆதரியாத கட்சியைச் சேர்ந்த சபையார் ஒருவர் அவற்றிற்கு ஆமேன் சொல்லக்கூடுமா என்று சோதிப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். இறையியல் மாணவரும் இதனைச் செய்து பார்க்கலாம். கையூட்டை வெளிப்படையாய்க் கண்டியுங்கள். ஏழைகளையும் சிறுபான்மையோரையும் ஒடுக்கும் கொள்கை எக்கட்சியில் இருப்பினும் அதனைப் பெயரிட்டுச் சொல்லுங்கள். யாருக்கு வாக்கு என்பதை மட்டும் அவரவர் மனச்சான்றுக்கு விட்டுவிடுங்கள். நம் சேகரங்களிலும் பேராயங்களிலும் நடைபெறும் தேர்தல்களுக்கும் இது பொருந்தும். அங்கே நாம் மூன்று அறிவுரைகளையும் மீறிவிட்டு, நாட்டின் தேர்தலைப்பற்றி மக்களுக்கு உபதேசிப்பது தகாது. வாக்குப்பதிவு முடிந்த ஞாயிறன்று, மறுபக்கத்தில் வாக்களித்தார் என்று நாம் எண்ணும் ஒருவருக்கு முதலில் சமாதானம் கூறிவிட்டு, அதன்பின் பீடத்தண்டை செல்வோமாக.