மருத்துவரின் தந்திரமும் கூரையற்ற வீடும்: பேட்ரிக் டெய்லரின் ஐரிஷ் கிராம மருத்துவர் புதினங்களில் வரலாறு

முன்னுரை

பேட்ரிக் டெய்லர் 1941ஆம் ஆண்டு வட அயர்லாந்தில் பிறந்தவர். பெல்ஃபாஸ்டில் மருத்துவம் பயின்று, பின்னர்க் கனடாவில் குடியேறியவர். அவருடைய ‘அன் ஐரிஷ் கன்ட்ரி டாக்டர்’ 2004இல் வேறொரு தலைப்பில் கனடாவில் வெளிவந்தது. 2007இல் இப்பெயரில் மறுபதிப்பாகி, நீண்டதொரு புதின வரிசைக்குத் தொடக்கமாயிற்று. மனத்திற்கு இதமளிக்கும் கதைகளாக வாசிக்கப்படும் இப்புதினங்கள், வரலாற்றுப் புதினங்கள் என்ற நிலையில் எதைக் காட்டுகின்றன, எதைக் காட்டாது விடுகின்றன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

களமும் காலமும்

கதை 1964ஆம் ஆண்டின் கோடையில் தொடங்குகிறது. களம், டவுன் மாவட்டத்துக் கற்பனைச் சிற்றூரான பாலிபக்கல்போ. இளம் மருத்துவர் பாரி லாவர்ட்டி, மூத்த மருத்துவர் ஃபிங்கல் ஓ'ரைலியிடம் உதவியாளராகச் சேர்கிறார். காலைக் கழுவாமல் வந்த நோயாளியை ஓ'ரைலி வாசலுக்கு வெளியே தூக்கி எறியும் காட்சியே பாரிக்கும் வாசகருக்கும் முதல் அறிமுகம். வீட்டைப் பேணும் கின்கெய்ட் அம்மையாரின் சமையற் குறிப்புகளும், அல்ஸ்டர் வட்டார வழக்குச் சொற்பட்டியலும் நூலின் இறுதியில் இடம்பெறுகின்றன. ஒரு வட்டாரத்தின் பேச்சையும் உணவையும் ஆவணப்படுத்தியிருப்பது இவ்வரிசையின் முதன்மையான பேறு எனலாம்.

மருத்துவ உண்மை

நோய்காண் அறையைச் சித்திரிக்கையில் டெய்லர் தம் தொழிலைப் புகழ்ந்து தப்பித்துக்கொள்ளவில்லை. கழுத்து இறுகியதாக வந்த மேஜர் ஃபாதரிங்கமின் நோயைப் பாரி எளிதாகக் கருதிவிடுகிறார். அது மூளையில் ஏற்பட்ட இரத்தக் கசிவு எனப் பின்னர்த் தெரியவருகிறது. அப்பிழை அடுத்த புதினத்திலும் பாரியைத் தொடர்கிறது. ஊரார் நம்பிக்கை தளர்கிறது. கருவிகள் குறைந்த காலத்தில் மருத்துவர் கண்ணையும் கையையும் நம்பியே முடிவெடுத்தார் என்பதும், அம்முடிவு பிழைத்தால் அதன் விலையை நோயாளியே கொடுத்தார் என்பதும் இங்கு வரலாற்று உண்மையாகவே பதிவாகின்றன.

சமூக மௌனம்

அறைக்கு வெளியே அத்தகைய விலை எதுவும் இல்லை. ஊரில் கத்தோலிக்கரும் புராட்டஸ்டண்டினரும் இணக்கமாக வாழ்கின்றனர். ஆயின் அதே 1964இன் இலையுதிர் காலத்தில், தேர்தல் அலுவலகம் ஒன்றில் வைக்கப்பட்ட ஐரிஷ் கொடியை முன்னிட்டு, பெல்ஃபாஸ்டின் டிவிஸ் தெருவில் கலவரம் மூண்டது.

இம்மௌனத்தைத் துலக்கமாகக் காட்டுவது வீடு பற்றிய கிளைக்கதை. கவுன்சிலர் பிஷப்புடன் ஏற்பட்ட பூசலால் சன்னி என்னும் முதியவரின் வீடு கூரையின்றிக் கிடக்கிறது. அவர் தம் காரிலேயே வாழ்கிறார். ஓ'ரைலி தந்திரத்தால் கவுன்சிலரைப் பணியவைக்கிறார். வாசகர் மகிழ்கிறார்.

வரலாற்றில் இதற்கு ஓர் இணை உண்டு. டைரோன் மாவட்டத்து டங்கானன் நகரில் பொது மருத்துவராக இருந்த கான் மெக்ளஸ்கியும் அவர் மனைவி பட்ரிஷியாவும், கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு வீடு மறுக்கப்பட்டதைக் கண்டு, 1964 ஜனவரியில் சமூக நீதிக்கான இயக்கத்தைத் தொடங்கினர். பாகுபாட்டைப் புள்ளிவிவரங்களாகத் திரட்டி வெளியிட்டனர். ஆண்டும் தொழிலும் சிக்கலும் ஒன்றே, வழி வேறு. மெக்ளஸ்கி இணையர் அநீதியை ஓர் அமைப்பின் செயலாகக் கண்டனர். டெய்லரின் புதினமோ அதனை ஒரு பேராசைக்காரரின் குணக்கேடாகச் சுருக்குகிறது. கவுன்சிலர் மனம் மாறினால் கூரை வந்துவிடும். ஒதுக்கீட்டு முறை மாறவேண்டியதில்லை.

இம்மௌனத்திற்கு ஒரு சமாதானம் உண்டு. 1968க்குப் பின் நிகழ்ந்த வன்முறையை அறிந்த வாசகருக்கு, பாலிபக்கல்போவின் அமைதி இழந்ததன் மீதான ஏக்கமாக ஒலிக்கக்கூடும். ஆயினும் ஏக்கம் உண்மையாவதற்கு, அவ்வமைதி எவ்வளவு நொய்ம்மையானது என்பதையும் புதினம் உணர்த்தியிருக்க வேண்டும். அக்குறிப்பு அழுத்தம் பெறவில்லை.

முடிவுரை

டெய்லரின் புதினங்கள் மருத்துவ வரலாற்றில் நேர்மையானவை. சமூக வரலாற்றில் தயக்கம் உடையவை. ஃபாதரிங்கமின் கழுத்து வலியைப் பாரி மேலோட்டமாகப் பார்த்ததைப் பிழையென உணர்த்தும் இவ்வரிசை, சன்னியின் கூரையைத் தானும் அவ்வாறே பார்க்கிறது. அறிகுறியைத் தணிப்பது நோயைத் தீர்ப்பதாகாது என்னும் மருத்துவப் பாடமே இப்புதினங்களை மதிப்பிடுவதற்கும் உரிய அளவுகோலாகிறது.