சோழ வீரனும் சப்பாத்திக்கள்ளியும்

நான் எழுதிய சரித்திரக் கதை ஒன்றில், சோழ வீரன் ஒருவன் செஞ்சி மலையடிவாரத்தில் சப்பாத்திக்கள்ளிப் புதருக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறான். கதை வெளியான வாரமே விழுப்புரத்திலிருந்து வாசகர் ஒருவர் கார்டு போட்டார். “ஐயா, சப்பாத்திக்கள்ளி அமெரிக்கக் கண்டத்துச் செடி. கொலம்பஸ் அங்கே போய்ச் சேர்ந்தது 1492-இல். தங்கள் வீரன் அதற்கு முன்பே அதன் பின்னால் எப்படி ஒளிந்தான்?” அவ்வளவுதான். கையெழுத்துக்கூட இல்லை.

முதலில் கோபம் வந்தது. பிறகு வெட்கம் வந்தது. செஞ்சிக்கு நான் இரண்டு தடவை போனவன். இரண்டு தடவையும் கூட ஒரு வழிகாட்டி இருந்தார். அவர் தேசிங்கு ராஜாவையும் 1714-ஆம் வருஷத்துப் போரையும் வர்ணிக்க, நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். மலையைப் பார்க்கவில்லை.

மூன்றாம் தடவை திண்டிவனத்தில் பஸ் மாறித் தனியாகப் போனேன். திண்டிவனம் என்பதே ‘திந்திரிணி வனம்’, அதாவது புளியங்காடு என்பார்கள். அந்த ஊர் வழியாக எத்தனையோ முறை போயிருந்தும், பெயருக்குள் ஒரு மரம் இருப்பதை அன்றுதான் நினைத்துப் பார்த்தேன். ராஜகிரி சுமார் 800 அடி உயரம். நின்று நின்று ஏறினேன். வேம்பு, நுணா, முள் நிறைந்த காரைப் புதர். பாறை இடுக்கில் வேர் விட்டிருந்த ஓர் ஆலங்கன்று. குரங்குகள் சிறிது தூரம் துணைக்கு வந்தன. கையிலிருந்த பொட்டலம் பறிபோன பிறகு அவையும் விலகிக்கொண்டன.

ரோமாபுரியில் ரிச்சர்டு டீகின் என்ற ஆங்கில மருத்துவர் இப்படித்தான் கொலோசிய இடிபாடுகளைச் சுற்றிவந்து, அங்கே வளர்ந்த 420 வகைச் செடிகளை 1855-இல் புத்தகமாக்கினார். பின்னால் ஆராய்ச்சிக்காரர்கள் அந்த இடத்தைச் சுத்தம் செய்தபோது செடிகளையும் களைந்துவிட்டார்கள். டீகினின் ஜாபிதா மிஞ்சியது.

செஞ்சிக் கோட்டை 2025-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாகிவிட்டது. இனிக் கூட்டம் வரும். துடைப்பமும் அரிவாளும் வரும். மதிலைக் காக்க வேரை அறுக்கத்தான் வேண்டும். அறுக்கும் முன் பெயரையாவது எழுதிவைக்க வேண்டாமா?

அதை எழுத வேண்டியவர்களில் கதைக்காரனும் ஒருவன். குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களை வரிசைப்படுத்திய கபிலரின் பெயரால், செஞ்சிக்கு அதிக தூரமில்லாத திருக்கோவிலூரில், பெண்ணையாற்றின் நடுவே ஒரு குன்று இருக்கிறது. அவர் வழிவந்த நாமோ ‘ஒரு மரத்தடியில்’ காதலரைச் சந்திக்கவைத்து, ‘பெயர் தெரியாத பூ’ ஒன்றை நாயகியின் கூந்தலில் சூட்டிவிடுகிறோம். பெயர் தெரியாதது பூவின் குற்றமா? நாயகி தலையில் வைத்துக்கொண்ட பூவின் பெயர் ஆசிரியருக்கே தெரியாதென்றால், அவள் மனத்தில் இருப்பது மட்டும் அவருக்குத் தெரியும் என்று வாசகர் எப்படி நம்புவார்?

மறுபதிப்பில் என் வீரனைக் காரைப் புதருக்குப் பின்னால் ஒளியவைத்திருக்கிறேன். முள் குத்தும், பொய் இல்லை. கார்டு எழுதியவருக்கு அதைத் தெரிவிக்க விலாசம்தான் இல்லை.